பண்ணனின் வயிற்றை மூடிய எறும்புகள்

எறும்பு சொன்னது மனிதருக்கும், மனிதர் சொன்னது எறும்புக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் வேங்கைப்பாறை என்றொரு குடியிருப்பு இருந்தது. முப்பது குடிசைகள்தான். தினை விதைத்தார்கள், தேன் எடுத்தார்கள், வேட்டைக்குப் போனார்கள். அங்கே எயினி என்றொரு பெண் மருத்துவம் பார்த்துவந்தாள்.

அந்த நாள் மருத்துவம் வேறு மாதிரி. காய்ச்சல் வந்தால் மலைத்தெய்வம் தொட்டுவிட்டது என்பார்கள். யாராவது காயம்பட்டுக் கிடந்தால், காயத்தின் வழியாகப் பேய் உள்ளே புகுந்துவிடும் என்று கூரை ஓரத்தில் வேப்பிலை செருகி, வெண்கடுகைப் புகைத்து, விடாமல் மணி அடிப்பார்கள். நோய் எதனால் வந்தது என்று கண்டுசொல்ல வேலன் வருவான். வேலன் என்பது ஆளின் பெயர் இல்லை, வேலையின் பெயர். கையில் வேல் பிடித்து, கழங்குக் காய்களை மணலில் உருட்டி, அவை விழுந்த விதத்தைப் பார்த்துக் குறி சொல்பவன். வேங்கைப்பாறையின் வேலனுக்குப் பெயர் கட்டியன்.

எயினியும் வேப்பிலை செருகுவாள், கடுகு புகைப்பாள். ஆனால் அதோடு நிற்கமாட்டாள். எங்காவது மானை அறுக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வாள். இது எங்கே போகிறது, இதை அமுக்கினால் என்ன ஆகும், இது ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வேட்டைக்காரர்கள் கறியைக் கூறுபோட்டு எடுத்துப்போனபின், அவள் குடலை அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போவாள். கழுவி, ஒரு முனையைக் கட்டி, மறுமுனையில் வாய் வைத்து ஊதுவாள். அது நீளமாக உப்பிக்கொண்டு வரும். பிறகு ஓரிடத்தில் கிழித்து, அந்தக் கிழிசலை எலும்பு ஊசியாலும் மான் நரம்பாலும் தைத்து, மறுபடி ஊதித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பாள். ஊசி நுழைந்த ஒவ்வொரு துளையிலிருந்தும் குமிழி வரும். நெருக்கித் தைத்தால் துளைகள் கூடும், குமிழியும் கூடும்.

"என் அக்கா சமைத்த குடல்கறியை நான் சாப்பிட்டதே இல்லை. அவளுக்குக் குடலைக் கண்டால் ஊதத்தான் தோன்றும்" என்று அவளுடைய தம்பி பண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அவள் எதற்காக ஊதுகிறாள் என்று அவனுக்கும் தெரியும். நான்கு ஆண்டுக்கு முன் எயினியின் கணவன் தேனடைக்கு ஏறியபோது சறுக்கி, வெட்டிவிட்ட மூங்கில் முனையில் விழுந்தான். வயிற்றில் ஒரு கிழிசல். எயினி தோலை நன்றாகத்தான் தைத்தாள். ஐந்தாம் நாள் தையல் ஆறிக்கொண்டிருந்தபோதே அவன் இறந்துபோனான். மேலே ஆறியிருந்தது, உள்ளே அழுகியிருந்தது. அன்றிலிருந்து உள்ளே இருப்பதைத் தைக்க வழி தேடினாள். ஓடைக்கரையில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் குமிழிகள்தான்.

பண்ணனைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் கோடையில் அவன் புதிதாக ஒரு தினைப்புனம் திருத்தினான். நிலத்தின் நடுவே கட்டெறும்புகளின் புற்று ஒன்று இருந்தது. கிளம்பச் சொன்னான். "முட்டைகள் இருக்கின்றன. எட்டு நாளில் பொரிந்துவிடும், அதற்குப் பிறகு போய்விடுகிறோம்" என்று எறும்புகள் கேட்டுக்கொண்டன. பண்ணன் இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் மேற்கே மேகம் கட்டியதைப் பார்த்து, காய்ந்த மூங்கில் இலையைப் புற்றுவாயில் திணித்துத் தீ வைத்துவிட்டான். தப்பிய எறும்புகள் புனத்தின் ஓரத்தில் நின்ற வேங்கை மரத்தடிக்குக் குடிபோயின.

"எட்டு நாள் பொறுத்திருக்கலாம்" என்றாள் எயினி.

"நான் பொறுப்பேன் அக்கா. மழை பொறுக்குமா?" என்றான் பண்ணன். மழை பிறகு பதினைந்து நாள் கழித்துத்தான் வந்தது.

தினை விளைந்து கதிர் சாய்ந்திருந்த ஒரு காலையில் பண்ணன் புனத்தைக் காத்துக்கொண்டு நின்றான். ஒரு கிழட்டு ஆண்பன்றி வந்தது.

"வழி விடு, ஓடைக்குப் போகவேண்டும்" என்றது பன்றி.

"சுற்றிப் போ" என்றான் பண்ணன்.

"காலில் முள் ஏறியிருக்கிறது. சுற்ற முடியாது."

பண்ணன் கவணில் கல்லை வைத்தான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

பண்ணனின் மனைவி வெட்சி ஓடிவந்து சொன்னபோது எயினி பால் கறந்துகொண்டிருந்தாள். கறந்த ஆட்டுப்பாலைக் கலத்தோடு எடுத்துக்கொண்டு, நெய்யும் ஊசியும் நரம்பும் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள். பண்ணன் வேங்கை மரத்தடியில் மல்லாந்து கிடந்தான். பன்றி கிழித்த வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான். விரல்களுக்கு நடுவே குடல் பிதுங்கித் தெரிந்தது.

"அக்கா, கையை எடுக்கவா?" என்று கேட்டான். குரல் தெளிவாக இருந்தது.

"மெல்ல எடு."

அவள் விரல் நகங்களைக் கல்லில் தேய்த்து மழுக்கிக்கொண்டாள். பால் ஊற்றிக் குடலைக் கழுவி, ஒவ்வொரு மடிப்பாக விரலில் எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது மடிப்பில் கிழிசல் இருந்தது. ஒரு விரல் நீளம். அவள் ஊசியைக் கையில் எடுத்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு பையிலேயே போட்டுவிட்டாள்.

"ஏன் மதினி?" என்றாள் வெட்சி.

"தைத்தால் துளை விழும், வெட்சி. ஒன்று மூடினால் இரண்டு திறக்கும்."

அதற்குள் வேலன் கட்டியன் வந்துசேர்ந்தான். கட்டியன் கெட்டவன் இல்லை. வந்ததும் பண்ணனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். வேலை மண்ணில் ஊன்றி, மணலைப் பரப்பி, கழங்குக் காய்களைக் குலுக்கி உருட்டினான். குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

"வந்தது வெறும் பன்றி இல்லை, எயினி. மலைத்தெய்வம் வந்து கதவைத் திறந்திருக்கிறது. வயிறுதான் உயிரின் வீடு. தெய்வம் திறந்த கதவை மனிதக் கை மூடினால், வெளியே வந்த உயிர் திரும்பிப் போக வழி தெரியாமல் இங்கேயே நின்றுவிடும்."

"மூடாவிட்டால்?"

"திரும்பிப் போகலாம். போகாமலும் இருக்கலாம். காயில் அவ்வளவுதான் விழுந்திருக்கிறது" என்றான் கட்டியன். அவன் குரலில் வருத்தம் இருந்தது.

வெட்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். எயினி ஒரு கையால் கிழிசலைப் பொத்திக்கொண்டு, மறு கையை மரவேரில் ஊன்றியபடி, என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாள். அப்போது வேரில் ஊன்றிய கையில் சுரீர் என்றது. கட்டைவிரல் இடுக்கில் ஒரு கட்டெறும்பு கடித்திருந்தது.

அந்த நாளில் கட்டெறும்புக்கு இடுப்பு என்று ஒன்று கிடையாது. உளுந்துக்கு ஆறு கால் முளைத்ததுபோல் தலையிலிருந்து வால்வரை ஒரே உருண்டையாக இருக்கும். கடிக்கும், கடித்த கையோடு விட்டுவிட்டு நகர்ந்துவிடும். அன்றும் அப்படித்தான் விட்டது. ஆனால் விடுவதற்கு முன் எயினி பார்த்துவிட்டாள். எறும்பு வாயின் இரண்டு கொடுக்கும் அவள் தோலை இரு பக்கமும் பிடித்து ஒன்றாகச் சேர்த்திருந்தன. நடுவில் ஒரு மடிப்பு, இறுக்கமான மடிப்பு. அவள் விரல் இடுக்கைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். இரத்தம் இல்லை. துளையும் இல்லை.

"மதினி, அவர் இங்கே இப்படிக் கிடக்கிறார், நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்?" என்றாள் வெட்சி.

எயினி கட்டியன் பக்கம் திரும்பினாள். "வேலரே, மனிதக் கை மூடக்கூடாது என்றுதானே விழுந்திருக்கிறது?"

"ஆமாம்."

"எறும்பு மூடினால்?"

கட்டியன் அவளைப் பார்த்தான், காய்களைப் பார்த்தான். மறுபடி அள்ளிக் குலுக்கி உருட்டினான். தலையைச் சாய்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். "எறும்பைப் பற்றி ஒன்றுமே விழவில்லை" என்றான் கடைசியில். "கூடும் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. இந்தக் காயிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை."

எயினி வெட்சியின் கையைப் பிடித்துக் கிழிசலின்மேல் வைத்துவிட்டு, வேங்கையின் வேரடியில் முழங்காலிட்டுக் குனிந்தாள். புற்றுவாயில் அவளைக் கடித்த எறும்பு காவல் நின்றது. மற்றவற்றைவிடப் பெரியது. கருவாய் என்று அதைக் கூப்பிடுவார்கள்.

"எங்களுக்கு உங்கள் உதவி வேண்டும்" என்றாள் எயினி. தம்பிக்கு நேர்ந்ததைச் சொன்னாள்.

"இவன்தானே எங்கள் வீட்டுக்குள் தீ வைத்தவன்?" என்று கேட்டது கருவாய்.

"இவன்தான்."

"நாங்கள் எட்டு நாள் கேட்டோம்."

"எனக்குத் தெரியும். நான் அவனைத் திட்டினேன். அதனால் உங்கள் முட்டைகள் திரும்பி வரப்போவதில்லை."

"அப்படியென்றால் எங்களிடம் ஏன் வந்தாய்?"

"உங்கள் வாய் மாதிரி வேறு யாருக்கும் இல்லை. இருந்தால் அவர்களிடம் போயிருப்பேன்."

புற்றுக்குள்ளிருந்து வேறு எறும்புகள் வந்து கூடின. வேண்டாம் என்றன பல. அவன் கிடக்கட்டும், கதிர் கொட்டட்டும், நமக்குத் தினை கிடைக்கும் என்றது ஒன்று. கருவாய் மட்டும் எயினியின் இரத்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒன்று கேட்கட்டுமா? உங்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது?" என்றது.

எயினிக்கு முதலில் புரியவில்லை.

"மான் செத்தால் பார்க்கிறோம். கிளி செத்தால் பார்க்கிறோம். பாம்புக்குள்ளே எங்கள் ஆட்கள் தலையிலிருந்து வால்வரை நடந்து போயிருக்கிறார்கள். உங்களில் ஒருவர் செத்தால் மட்டும் தாழியில் வைத்து, மூடி போட்டுப் புதைத்துவிடுகிறீர்கள். உள்ளே மண் இருக்கிறது என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். தண்ணீர்தான் என்கிறார்கள் சிலர். இந்தச் சண்டை எங்களுக்குள் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது."

எயினி உள்ளங்கையை நீட்டினாள். "வந்து பார். எனக்கும் முழுதாகத் தெரியாது. சேர்ந்து பார்க்கலாம்."

கருவாய் அவள் கையில் ஏறியது. அவள் அதைக் காயத்தின் விளிம்பில் இறக்கிவிட்டாள். பண்ணன் கண்ணைத் திறந்து, தன் வயிற்றின்மேல் ஒரு கட்டெறும்பு நடப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். கருவாய் மெல்ல நடந்தது. நின்றது. உணர்கொம்புகளை நீட்டித் தடவியது.

"மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. இது புற்று. எங்கள் புற்று மாதிரியே வளைந்து வளைந்து போகிறது. இதற்குள் யார் நடக்கிறார்கள்?" என்றது.

"யாரும் இல்லை. அவன் தின்றதுதான் நடக்கிறது. தினை, கறி, தேன் எல்லாம் இந்த வழியாகத்தான் போகும்."

"எவ்வளவு தூரம்?"

"ஒரு மானுக்கு அளந்திருக்கிறேன். ஓடையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நான்கு முறை போய்வந்தது. இவனுக்கு அளந்ததில்லை."

கருவாய் கிழிசலின் ஓரத்துக்குப் போய் நின்றது. "இங்கே புற்று உடைந்திருக்கிறது. உடைந்த புற்றை அப்படியே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் எங்களுக்கு இல்லை" என்றது.

அது திரும்பிப் போய்ப் புற்றுவாயில் என்ன பேசியதோ, அதையும் சேர்த்து இருபது கட்டெறும்புகள் வரிசையாக வந்தன.

வேலை தொடங்கியதுமே ஒரு தொல்லை. எறும்போ உருண்டை, எயினியின் விரலிலோ நெய்யும் இரத்தமும். பிடிக்கப் பிடிக்க வழுக்கியது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வெட்சி அதைப் புரிந்துகொண்டு, தன் தலையிலிருந்து ஒரு நீள முடியைப் பிடுங்கி நீட்டினாள். எயினி அதை எறும்பின் நடு உடலில் சுருக்குப் போட்டுத் தூக்கிப் பார்த்தாள். ஆடாமல் வந்தது. வெட்சி ஒவ்வொன்றாக இருபது முடிகளைப் பிடுங்கிக் கொடுத்தாள். முகம் சுளிக்கவில்லை. அத்தனை எறும்புக்கும் சுருக்குப் போட்டாகிவிட்டது.

எயினி கிழிசலின் இரு ஓரங்களையும் விரலால் சேர்த்துப் பிடித்தாள். முதல் எறும்பை இறக்கினாள். அது வாயைத் திறந்து இரு ஓரத்தையும் கவ்வியது. மடிப்பு விழுந்தது. சொட்டுக் கசிவும் இல்லை. எயினிக்கு நான்கு ஆண்டு ஓடைத்தண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த எறும்பை எடுத்தாள்.

மூன்றாவது எறும்பை இறக்கும்போது முதல் எறும்பு விட்டுவிட்டது. குடல் தானாக ஒரு சுருள் நெளிந்தது, எறும்பின் கால் வழுக்கியது, காலைப் பார்த்து வாய் திறந்துவிட்டது. மறுபடி வைத்தாள். கொஞ்ச நேரம் நின்றது. மறுபடி விட்டது. மற்றவையும் அப்படியே. எதுவும் வேண்டுமென்று விடவில்லை. நடப்பதற்கே பிறந்த கால்கள், அசைந்தால் நகரத்தான் பார்த்தன.

கருவாய் முடியில் தொங்கியபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. "எத்தனை நாள் பிடித்திருக்கவேண்டும்?" என்று கேட்டது.

"ஏழு நாள். பத்து நாளும் ஆகலாம்."

"அத்தனை நாளும் இந்த வயிறு திறந்தே இருக்குமா?"

எயினியின் கண் பையிலிருந்த ஊசியிடம் போனது.

"மேலே தோலைத் தைத்துவிடுவாய், இல்லையா? நாங்கள் உள்ளே இருப்போம்."

எயினிக்கு அது தெரியும். எறும்பைப் பற்றி நினைத்த அந்தக் கணமே தெரியும். தெரிந்தும் சொல்லாமல் விட்டிருந்தாள். இப்போது அவளுக்குக் கன்னமெல்லாம் சுட்டது.

"ஆமாம். சொன்னால் வரமாட்டீர்கள் என்று பயந்தேன்" என்றாள்.

"நாங்கள் எட்டு நாள் கேட்டும் இவன் தீ வைத்தான். நீ ஒன்றும் சொல்லாமலே கூட்டிவந்தாய்" என்றது கருவாய். அதன் குரலில் கோபம் இல்லை. கணக்கைச் சரிபார்ப்பதுபோல்தான் சொன்னது. எயினிக்கு அது கோபத்தைவிடக் கனமாக இருந்தது.

"அவிழ்த்துவிடுகிறேன், போய்விடுங்கள்" என்றாள். நிஜமாகவே அவிழ்ப்பதற்கு விரலை நீட்டினாள். வெட்சி வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டியன் வேலைப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

"பொறு" என்றது கருவாய். "நான் உள்ளே பார்த்துவிட்டேன். எங்கள் குலத்தில் யாரும் பார்க்காததைப் பார்த்தேன். பார்த்தபின் இதை உடைந்தபடி விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இவர்கள் என் பேச்சை நம்பி வந்தவர்கள். இவர்களிடம் நான் கேட்கவேண்டும், நீயும் கேட்கவேண்டும்."

எயினி கேட்டாள். இந்த முறை எதையும் மறைக்கவில்லை. உள்ளே இருட்டாக இருக்கும் என்றாள். வெளியே வரமுடியாது என்றாள். இவன் பிழைப்பான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னாள். ஏழு எறும்புகள் போய்விடுகிறோம் என்றன. எயினி அவற்றை மரவேரில் இறக்கிவிட்டாள். அவை நடு உடலில் முடி இழுபட, திரும்பிப் பார்க்காமல் நடந்தன. பதின்மூன்று நின்றன.

"காலும் வயிறும் இருக்கும்வரை வாய் அவற்றின் பேச்சைத்தான் கேட்கும். நான் கவ்வியதும் முடியை இழுத்துவிடு. வாய் மட்டும் இருந்தால் விடாது" என்றது கருவாய்.

"எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதையும் பார்த்துவிடலாம்."

எயினி அதைக் கிழிசலின் நடுவில் இறக்கினாள். கருவாய் இரு ஓரத்தையும் கவ்வியது. கவ்வியபின் அதற்குப் பேச வழியில்லை. உணர்கொம்பு இரண்டும் ஒருமுறை அசைந்தன. எயினி முடியின் இரு முனையையும் பிடித்தாள். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மூடவில்லை. இழுத்தாள்.

சுருக்கு இறுகியது. உருண்டை உடல் நடுவில் நூலாக ஒடுங்கி, ஒடுங்கி, அறுந்தது. உடல் முடியோடு கையில் வந்தது. தலை குடலின்மேல் அப்படியே இருந்தது. குடல் ஒரு சுருள் நெளிந்தது. தலை அசையவில்லை. எயினி விரல் நுனியால் தொட்டு இழுத்துப் பார்த்தாள். அது விடவில்லை.

பிறகு, மற்ற ஒவ்வொன்றிடமும் சம்மதம் கேட்டு, பன்னிரண்டு முறை அப்படியே செய்தாள். கடைசியில் விரல் நீளக் கிழிசலின்மேல் பதின்மூன்று கருந்தலைகள், வெட்சியின் கழுத்து மணிபோல வரிசையாக நின்றன. மேலே பால் ஊற்றினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. நெய் தடவிக் குடலை உள்ளே தள்ளினாள்.

தோலைத் தைக்க ஊசியை எடுத்தபோது அவள் கட்டியனைப் பார்த்தாள். கட்டியன் காய்களை உருட்டவில்லை. "உள்ளே இருந்ததுதான் கதவு. தோல் வெறும் திரை. தை" என்றான். அவன் அதை எங்கிருந்து சொன்னான் என்று அவள் கேட்கவில்லை.

பண்ணனை அசைக்காமல் அந்த மரத்தடியிலேயே பந்தல் போட்டார்கள். வேப்பிலை செருகினார்கள். கடுகு புகைந்தது. கட்டியன் தன் குடிசைக்கே போகாமல் மணி அடித்துக்கொண்டிருந்தான். மூன்று நாள் எயினி தம்பிக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, ஈரத்துணியால் உதட்டைத் தொட்டுவிட்டாள். நான்காம் நாள் காய்ச்சல் அடித்தது. ஐந்தாம் நாளும் அடித்தது. அன்று எயினி அடிக்கடி குனிந்து தையலை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கணவன் இறந்த அன்று வந்த வாடை அவளுக்கு மறக்கவில்லை. அந்த வாடை வரவில்லை. ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. ஒன்பதாம் நாள் காலையில் பண்ணன் கண்ணைத் திறந்து, "தினைக்கதிரை யார் அறுத்தது?" என்று கேட்டான்.

"பாதியைக் கிளி தின்றுவிட்டது. மீதியை நான் அறுத்தேன்" என்றாள் வெட்சி. சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டு அழுதாள்.

அவனுக்குக் கஞ்சித் தெளிவு ஊட்டும்போது எயினி நடந்ததைச் சொன்னாள். ஏழு எறும்பு திரும்பிப் போனதையும், பதின்மூன்று நின்றதையும், தான் முதலில் உண்மையைச் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள். பண்ணன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னும் உள்ளேதான் இருக்கிறார்களா, அக்கா?"

"தெரியவில்லை. திறந்து பார்த்தால்தான் தெரியும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது, சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு, "நான் அவர்களிடம் போய்ப் பேசவேண்டும்" என்றான்.

நடக்க முடிந்த முதல் நாள் அவன் ஒரு முறம் தினையோடு வேங்கையின் வேரடியில் போய் உட்கார்ந்தான். எயினியும் கூடப் போனாள். பண்ணன் தீ வைத்ததற்கு வருத்தம் சொன்னான். அவனுக்குத் தெரிந்த வார்த்தைகள் எல்லாவற்றையும் சொன்னான். புற்றிலிருந்து எறும்புகள் வந்தன, போயின. ஒன்றும் பதில் சொல்லவில்லை. எயினி குனிந்து, "நான்தான், எயினி" என்றாள். அதற்கும் பதில் இல்லை. அவர்கள் கொட்டிய தினையை மட்டும் ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டு போயின.

அப்போதுதான் எயினி அந்த ஏழையும் பார்த்தாள். சுருக்கு முடி எப்போதோ கழன்று விழுந்திருந்தது. ஆனால் அது இறுக்கிய இடம் பழையபடி உப்பவில்லை. தலைப்பக்கம் ஒரு மணி, வால்பக்கம் ஒரு மணி, நடுவில் இழைபோல் ஓர் இடுப்பு. அவற்றுக்குப் பிறகு பொரிந்து வந்த குஞ்சுகளும் அதே இடுப்போடு வந்தன. அந்தக் குஞ்சுகளில் ஒன்று எயினியின் விரலைக் கடித்தது. அவள் இழுத்தாள். அது விடவில்லை. இன்னும் இழுத்தாள், உடல் கையோடு வந்துவிட்டது, தலை விரலிலேயே நின்றது. எயினி அதைப் பிடுங்கி எறியாமல், தானாக விழும்வரை வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் ஆயிற்று.

கட்டெறும்பின் இடுப்பு நூலாய் ஒடுங்கியதும், அது மனிதரோடு பேச்சை நிறுத்திக்கொண்டதும், உடலே அறுந்து போனாலும் கவ்விய வாயைத் திறக்காததும், வெட்சி தன் தலைமுடியைப் பிடுங்கிக் கொடுத்த அந்தப் பகல் முதல்தான்.